வால்டர் குழியிலிருந்து ஏறி வந்த பாட்டுகள்

தங்கவயலில் தங்கச் சுரங்கத்தை மூடிப் பம்புகளை நிறுத்திய நாளிலிருந்து வால்டர் குழிக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. யாரும் பார்க்காத இருட்டில், அவசரம் எதுவும் இல்லாமல், பழைய ஏணிகளையும் துருப்பிடித்த தண்டவாளங்களையும் ஒவ்வொன்றாக மூழ்கடித்துக்கொண்டு ஏறிவந்த அந்தத் தண்ணீர், ஒரு சித்திரை மாதச் சாயங்காலம், முன்பெல்லாம் ஷிப்டு முடிந்து சங்கு ஊதுகிற அதே நேரத்தில், எப்போதோ குழிக்குள் விழுந்து அடியில் தங்கிப்போயிருந்த பாட்டுகளையும் மேலே தூக்கிக்கொண்டு வந்துவிட்டது.

முதலில் கேட்டவர் ஹயாத் பாய். குழிக்குப் பக்கத்தில் புளியமரத்தடியில் டீக்கடை வைத்திருக்கிற அவர், அப்போது எண்ணெய்ச் சட்டியில் போண்டாவைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். குழியின் வாயை மூடியிருந்த சிமெண்டுப் பலகையில் காற்றுக்காக விட்டிருந்த கம்பிவலை ஓட்டை வழியாக, டிரம் ஒன்று உருண்டு விழும் சத்தமும், அதன்மேல் தாளத்தட்டு சுழன்று சுழன்று அடங்கும் சத்தமும் வந்தன. அதற்குப் பின்னால், "அது என் பாட்டுடா, என் வாயில வந்த பாட்டு" என்று ஒரு வாலிபக் குரல். "உன் வாயில வர்றதுக்கு முன்னாடி என் கையில வந்துச்சுடா" என்று இன்னொரு வாலிபக் குரல்.

ஹயாத் பாய் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "நேசனும் இஸ்ரவேலும் சண்டை போட்டுக்கினு கீறாங்க," என்று பெஞ்சில் இருந்தவர்களிடம் சொன்னார்.

"நேசன் அதோ பால் வாங்கிக்கினு போறாரே பாய்," என்றார் ஒருவர்.

"இந்த நேசன் இல்லப்பா. முடி வெச்சிருந்த நேசன்."

அந்தச் சண்டை தங்கவயலில் எல்லோருக்கும் மனப்பாடம். எழுபதுகளின் தொடக்கத்தில், சுரங்கத் தொழிலாளிகளின் பிள்ளைகள் மூன்று பேர், அப்போதே கைவிடப்பட்டிருந்த வால்டர் குழியின் ஓரத்துத் தகரக் கொட்டகையில் கூடி, சுரங்கத்தின் அடியாழத் தளங்களுக்கு வழங்கிய டீப் லெவல்ஸ் என்ற பெயரையே தங்களுக்கும் வைத்துக்கொண்டார்கள். தேவநேசன் கிட்டார் வாசித்துப் பாடுவான். இஸ்ரவேல் டிரம் அடிப்பான். டக்ளஸ் என்கிற ஆங்கிலோ இந்தியப் பையன் பாஸ் கிட்டார். ஒலிபெருக்கி, மூடிப்போன ஒரு டூரிங் கொட்டாயிலிருந்து வந்தது. சீமையில் முடி வளர்த்த பையன்கள் பாடி உலகமெல்லாம் ஓடிய பாட்டுகளை அவர்கள் சிற்றலை ரேடியோவில் கரகரப்போடு கேட்டு, கரகரப்பையும் சேர்த்தே கற்றுக்கொண்டு வாசித்தார்கள். தகரக் கூரை அதிரும், பாறை மேட்டில் மேயும் ஆடுகள் தலையைத் தூக்கும், எங்கள் அப்பன்மார்கள் ஷிப்டு முடிந்து முகமெல்லாம் கல்தூசியோடு வந்து சற்று நின்று கேட்டுவிட்டு, "இது இன்னாடா, கல்லு கொடையற ராக் டிரில்லு மாதிரியே கீது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதைவிடப் பெரிய பாராட்டு அந்தக் காலத்தில் இங்கே கிடையாது.

பிறகு அவர்கள் சொந்தமாக ஒரு பாட்டு செய்தார்கள். 'மேலே வா' என்று அதற்குப் பெயர். பாதித் தமிழ், பாதி இங்கிலீஷ். சுரங்கத்துக் கூண்டை மேலே இழுக்கச் சொல்லி அடிக்கிற மணியோடு தொடங்கி, கூண்டு ஏறுகிற வேகத்திலேயே ஏறி, வெளிச்சத்தைக் கண்ட இடத்தில் குரல் ஒரு துள்ளுத் துள்ளும் பாருங்கள், அந்தத் துள்ளலுக்கே பெங்களூர்க் கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் பைத்தியமானார்கள். இசைத்தட்டு வந்தது. ரேடியோவில் வாரா வாரம் போட்டார்கள். கல்யாண பேண்டுக்காரர்கள் கூட அதை மாப்பிள்ளை அழைப்பில் வாசித்தார்கள். இசைத்தட்டின் நடுவே ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தில் பாட்டைச் செய்தவர் என்று தேவநேசன் பெயர் மட்டும் இருந்தது. அதைப் பார்த்த அன்றுதான் இஸ்ரவேல் டிரம்மை எட்டி உதைத்தான்.

இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்களாக இருந்திருந்தால் என்றைக்கோ சமாதானம் ஆகியிருக்கும். பாட்டு என் வாயில்தான் வந்தது என்று நேசன் சொன்னது அவனுக்குத் தெரிந்த சத்தியம். என் விரலில்தான் வந்தது என்று இஸ்ரவேல் சொன்னதும் அப்படியே. இரண்டு பேரும் உண்மையைச் சொன்னதால்தான் சண்டை தீரவே இல்லை. டக்ளஸ் இரண்டு பக்கமும் சமாதானம் பேசிப் பார்த்து அலுத்துப்போய் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினான். இடையில் அகப்பட்டது சலோமி. அவள் இஸ்ரவேலுக்குத் தங்கச்சி. தேவநேசனைக் கட்டிக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தவள். வாக்கை அவள் காப்பாற்றினாள். கல்யாணத்தன்று அண்ணன் கோயிலுக்கு வரவில்லை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கிற ஒரே லைனில், மூன்றே வீடு தள்ளி இருந்துகொண்டு, ஐம்பது வருஷமாக அண்ணன் அவள் வாசற்படி மிதிக்கவில்லை. அவள் மகள் ஷீலாவுக்குக் காது குத்தியபோது யாரோ ஒரு தூரத்து உறவுக்காரர் மடியில் உட்காரவைத்துக் குத்தினார்கள். ஷீலாவின் கல்யாணத்தில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் போட்டோக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

ஆகவே, குழியிலிருந்து அந்தச் சண்டை மறுபடி கேட்டபோது நாங்கள் பயப்படவில்லை. கொஞ்சம் சங்கடப்பட்டோம், அவ்வளவுதான். மறுநாள் சாயங்காலமும் எல்லாரும் குழியோரம் கூடினோம். அன்று வந்தது சண்டை அல்ல. சண்டைக்கு முந்தின நாளின் ஒத்திகை. அதற்கு மறுநாள், அதற்கும் முந்தின நாள். ஏன் இப்படித் தலைகீழாக வருகிறது என்று கேட்டதற்கு ஹயாத் பாய் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அரிசி டின்னுல கடைசியா கொட்டினதுதானே மேல கெடக்கும்? மொதல்ல கொட்டினது அடியில. தண்ணி தூக்கித் தூக்கி விடுது. மேல கீறது மொதல்ல வெளிய வருது." சர்வே ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ராமானுஜலு நாயுடு இதைக் கேட்டு, தானும் அப்படித்தான் நினைத்ததாகச் சொன்னார்.

அப்போது கூட்டத்தில் நின்றிருந்த சலோமி கேட்டாள்: "அப்படின்னா பாய், அந்தப் பாட்டு பொறந்த நாளும் ஒருநாள் மேல வருமா?"

பதில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஊர் அந்த அதிசயத்தை மெல்லத் தன் பழக்கத்துக்குள் எடுத்துக்கொண்டது. சாயங்கால டவுன் பஸ் குழிப் பக்கத்துத் திருப்பத்தில் நின்று, ஒரு பாட்டு முடிகிறவரை எஞ்சினை அணைத்து வைத்தது. பெங்களூருக்கு வேலைக்குப் போய் ரயிலில் திரும்புகிறவர்கள் வீட்டுக்குப் போகாமல் நேரே குழியோரம் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். பெண்கள் அரிசி புடைக்கவும் கீரை ஆயவும் முறத்தோடு வந்தார்கள். கிட்டார் தனியாக அழுகிற இடத்தில் பிள்ளைகள் அடம் பிடிக்காமல் சோறு வாங்குவதைக் கண்டுபிடித்த தாய்மார்கள் கிண்ணத்தோடு அந்த இடத்துக்காகவே காத்திருந்தார்கள். மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் விழாவின் பம்பைக்காரர்கள் தங்கள் முறையைப் பாட்டுக்குப் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டதோடு, இரண்டு மூன்று நாள் போனதும் பாட்டோடு சேர்ந்தே அடிக்கத் தொடங்கினார்கள். இது பிசாசின் சங்கீதமா என்று ஒரு அம்மாள் போதகரிடம் கேட்டாள். குழியிலிருந்து அன்றைக்கு வந்த கூட்டத்துச் சத்தத்தில் விசிலடித்துக்கொண்டிருந்தது தானேதான் என்று அடையாளம் கண்டுகொண்டிருந்த போதகர், தொண்டையைச் செருமிவிட்டு, தாவீது ராஜாவும் நடனமாடினார் அம்மா என்று சொன்னார்.

பாட்டைவிட எங்களுக்குப் பாட்டுக்கு நடுவில் வந்தவை பிடித்தன. கொட்டகைக்கு முன்னாலிருந்த மைதானத்தில் அந்தக் காலத்தில் அவர்கள் நடத்திய கச்சேரிகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியபோது, அவற்றோடு அன்றைக்கு அங்கே நின்றிருந்த ஊரே ஏறி வந்தது. யாரோ ஒருவர் இருமினார். "அது எங்க நைனா இருமல்" என்று எழுபது வயது மகன் எழுந்து நின்றார். தொலைவில் ஒரு அம்மாள் தன் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அந்தப் பிள்ளை இப்போது தலை நரைத்து, சர்க்கரை வியாதியோடு, கூட்டத்தில் இருந்தார். "வரேம்மா" என்று அவர் சொன்னதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டதாக மறுநாள் சொன்னார்.

ஆஸ்திரேலியாவிலிருந்த டக்ளஸுக்கு ஷீலா போன் போட்டு, போனைக் கம்பிவலையின் மேல் பிடித்தாள். பாட்டு முடிந்ததும் அந்தப் பக்கமிருந்து டக்ளஸ், "நாலாவது பாட்டில் நான் தப்பா வாசிச்சிருக்கேன், யாரும் கவனிக்கலைன்னு இத்தனை வருஷம் நினைச்சிருந்தேன்" என்றார்.

நேசனும் இஸ்ரவேலும் மட்டும் வரவில்லை. நேசன் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு டிவியைச் சத்தமாக வைத்தார். இஸ்ரவேல் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் முருங்கைமரத்துக்குத் தண்ணீர் ஊற்றினார். ஊர் பழையபடி இரண்டாகப் பிரிந்தது. மேல் லைன்காரர்கள் நேசன் பக்கம், கீழ் லைன்காரர்கள் இஸ்ரவேல் பக்கம். பாட்டு பிறந்த நாள் நெருங்க நெருங்க யார் ஜெயிப்பார் என்று டீக்கடையில் வாதம் முற்றியது. இரண்டு பேருக்குமே பயம் என்பதைச் சலோமி ஒருத்திதான் கண்டுகொண்டாள்.

"நீ ஏன் வர மாட்டேன்றே?" என்று ஒருநாள் புருஷனிடம் கேட்டாள். "உன் பாட்டுதானே? வந்து காதாரக் கேளேன்."

நேசன் டிவியைப் பார்த்தபடியே சொன்னார்: "சலோ, ஒருவேளை அவன் சொன்னது நெசமா இருந்துச்சுன்னா? உங்க அண்ணன் இல்லாம உன்னை அம்பது வருஷம் வெச்சிருந்தது வீணுக்காடி?"

அவள் கோரைப்பாயை எடுத்துக்கொண்டு குழிக்குப் போனாள்.

ஆனால் பாட்டு வீட்டுக்குள் வருவதை டிவி தடுக்கவில்லை. தலைகீழாகப் போகிற காலத்தில் ஒரு வினோதம் இருந்தது: சண்டையில் தொடங்கியதால், அதற்குப் பின் வந்த ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட இனிப்பாக இருந்தது. வாரம் செல்லச் செல்லக் குழிக்குள்ளிருந்த இரண்டு வாலிபர்களுக்கும் நடுவே முறைப்பு போய்க் கேலி வந்தது, கேலி போய்ச் சிரிப்பு வந்தது. ஒருவன் வாக்கியத்தை இன்னொருவன் முடித்தான். ஒருவன் தவறினால் இன்னொருவன் தானும் தவறி அதையே தாளமாக்கினான். ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம், கொட்டகையில் மழை ஒழுக, டிரம்முக்குமேல் குடை பிடித்துக்கொண்டு நேசன் ஒரு கையால் கிட்டார் வாசிக்க முயல்வதும், இஸ்ரவேல் சிரித்துச் சிரித்து அடிக்க முடியாமல் திணறுவதும் மேலே வந்தன. அந்தச் சிரிப்பு லைன் முழுக்கக் கேட்டது. முருங்கைமரத்தடியில் நின்றிருந்த இஸ்ரவேல் காதிலிருந்த பஞ்சை எடுத்தார். குடத்தை வைத்துவிட்டு, வேட்டியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு, குழிக்கு நடந்தார். அங்கே கம்பிவலையின் மறுபக்கத்தில் நேசன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார், காலில் செருப்பு இல்லாமல்.

ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஆனால் மறுநாள் இரண்டு பேரும் வந்தார்கள், அதற்கு மறுநாளும் வந்தார்கள். கம்பிவலையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் சலோமி விரித்த கோரைப்பாய்.

பாட்டு பிறந்த நாள் புரட்டாசியில் வந்தது.

அதற்கு முந்தின சில நாள்களாகவே 'மேலே வா' சிறுத்துக்கொண்டே வந்தது. முதலில் இங்கிலீஷ் வரிகள் காணாமல் போயின. பிறகு தமிழ் வரிகள். பிறகு அந்த மணி. வெறும் மெட்டும் தாளமும் மட்டும் மிஞ்சிய சாயங்காலம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, நாளைதான் என்று. மறுநாள் பள்ளிக்கூடத்தை முன்னதாகவே விட்டார்கள். ஹயாத் பாய் அடுப்பை அணைத்தார். கடைக்கு வந்த நாளிலிருந்து அவர் அப்படிச் செய்தது கிடையாது. மேல் லைனும் கீழ் லைனும் மைதானத்தில் பிரிந்து நின்றன, தேர்தல் முடிவு கேட்கிற மாதிரி.

சத்தம் வந்தது. முதலில் நேசன் கிட்டாருக்குச் சுருதி கூட்டினான். "வேற எதுனா பண்ணலாம் மச்சான், இன்னும் எத்தினி நாளைக்கு அடுத்தவன் பாட்டையே அடிக்கிறது?" என்றான் இஸ்ரவேல். "பண்ணலாம். இன்னா பண்றது?" என்றான் நேசன். எதையோ வாசித்தான், அது நன்றாக இல்லை. இஸ்ரவேல் எதையோ அடித்தான், அதுவும் நன்றாக இல்லை. அப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை. கொட்டாவி விடும் சத்தம். தகரத்தின்மேல் காக்கை நடக்கும் சத்தம்.

அப்போது தூரத்தில், பாறை மேட்டுப் பக்கமிருந்து, தேய்ந்த செருப்பு சரளைக் கல்லில் உரசும் சத்தம் கேட்டது. தூக்குவாளியின் காதுவளையம் கிணுகிணுவென்றது. அதோடு ஒரு பெண்பிள்ளையின் குரல், வார்த்தை எதுவும் இல்லாமல், ஆள் நடக்கிற நடைக்கு ஏற்ப, தனக்குத்தானே ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தது. கீழேயிருந்து படிப்படியாக ஏறி, ஏறி, மேட்டின் உச்சிக்கு வந்த இடத்தில் ஒரு துள்ளுத் துள்ளியது.

அது 'மேலே வா'. முழுசாக. ஒரு சுரம் குறையாமல்.

குரல் நெருங்கியது, நின்றது. "அண்ணா, காபி. தூக்கு சூடா கீது, கைய சுட்டுக்காதே. நேசனுக்கும் சேத்துதான் போட்டிருக்கேன்னு அம்மாக்கிட்ட சொல்லிடாதே." செருப்புச் சத்தம் திரும்பிப் போனது. முணுமுணுப்பும் அதோடு தேய்ந்து போனது.

கொட்டகையில் இரண்டு பேரும் காபி உறிஞ்சினார்கள். கொஞ்ச நேரம் கழித்து, காலி டம்ளரின்மேல் இஸ்ரவேலின் விரல்கள் தாமாகவே ஒரு தாளத்தைத் தட்டின. அதே வேளை, கிட்டாரின் ஒற்றைத் தந்தியில் நேசனின் கை ஒரு மெட்டைத் தேடித் தேடி எடுத்தது. பிறகு, ஒரே நேரத்தில், ஒரே மூச்சில், இரண்டு வாலிபக் குரல்களும் கத்தின:

"மச்சான், எனக்கு ஒண்ணு தோணுதுடா!"

முதலில் சிரித்தது மேல் லைனா கீழ் லைனா என்று இன்றுவரை தெரியாது. தெரிந்தவரை எல்லாரும் ஒன்றாகத்தான் சிரித்தோம், கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தோம், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பிறகு எல்லாருமாகச் சலோமியைத் திரும்பிப் பார்த்தோம்.

அவள் சிரிக்கவில்லை. "நானா?" என்றாள். "நான் எங்க பாடினேன்? நான் காபிதானே கொண்டாந்தேன்?" கம்பிவலையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், அதற்குள்ளிருந்து அந்தப் பெண்பிள்ளை எட்டிப் பார்ப்பாள் என்பது போல. பிறகு பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள்.

நேசன் பின்னாலேயே ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இஸ்ரவேலும் வந்தார். ஐம்பது வருஷத்துக்கு அப்புறம் அந்த வீட்டு முன்னால் வந்து நின்றவருக்கு எந்தப் படியில் கால் வைப்பது என்று தெரியவில்லை. இரண்டு கிழவர்களும் மூடிய கதவுக்கு முன்னால், பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் மாதிரி நின்றார்கள். நாங்கள் தெருவில் நின்று, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தீப்பெட்டி கீதா மச்சான்?" என்றார் இஸ்ரவேல்.

"பீடிய விட்டு எத்தினியோ வருசமாச்சு," என்றார் நேசன். "உனக்கு வேணுமா, வாங்கியாரச் சொல்லட்டா?"

"வாணாம். நானும் விட்டுட்டேன். சும்மா கேட்டேன்."

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து சலோமியின் குரல் வந்தது. கத்தவில்லை, ஆனால் தெரு முழுக்கக் கேட்டது.

"எம் பொண்ணு காது குத்துக்கு யாரோ மடியில ஒக்கார வெச்சேன். அவ கல்யாணத்துல மாமன் பொடவ எங்கேன்னு சம்பந்திக்காரம்மா கேட்டா. மாமனுக்கு ஒடம்பு சரியில்லன்னு பொய் சொன்னேன். கோயில்ல முன் பெஞ்சுல புருஷன், பின் பெஞ்சுல அண்ணன், நடு பெஞ்சுல நான் கழுத்தத் திருப்பாம ஒக்காந்து ஒக்காந்து கழுத்தே புடிச்சிக்கிச்சு. பாட்டு யாருது, பாட்டு யாருதுன்னு ஊரையே கேட்டீங்களே ரெண்டு பேரும். என்னை ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கேட்டீங்களா?"

இஸ்ரவேல் தலையைச் சொறிந்தார். "கேட்டிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்குமாம்மா?"

உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"தெரிஞ்சிருக்காது," என்றாள். "ஆனா கேட்டிருக்கலாம்."

நேசன் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டார். "கேக்கறேன் சலோ. இப்போ கேக்கறேன். அது யாருது?"

தாழ்ப்பாள் விலகியது. வாசலில் நின்ற சலோமியின் முகம் நனைந்திருந்தது. ஆனால் உதட்டின் ஒரு ஓரம், அவள் எவ்வளவு இறுக்கிப் பிடித்தும், மேலே ஏறிக்கொண்டிருந்தது. "என்னுது," என்றாள். "வந்து தொலைங்க. ரசம்தான் கீது. இத்தினி வருசம் வராதவருக்குக் கறியா ஆக்கி வெச்சிருப்பாங்க?"

இஸ்ரவேல் உள்ளே போனார். ரசத்தில் உப்பு தூக்கல் என்று அவர் சொன்னதும், அதற்கு அவள், வாயை மூடிக்கொண்டு சாப்பிடு என்று சொன்னதும் ஜன்னல் வழியாக எங்கள் காதில் விழுந்த பிறகுதான் நாங்கள் கலைந்தோம். அன்று ராத்திரி எங்கள் வீடுகளில் எல்லாம் ரசம்தான்.

குழி அதற்கப்புறமும் சில வாரம் பேசியது. டீப் லெவல்ஸ் இன்னும் தங்கள் பாட்டு இல்லாமல், சீமைப் பாட்டுகளைக் கரகரப்போடு வாசித்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. நாளுக்கு நாள் வாசிப்பு மோசமாகிக்கொண்டே போனது, எங்களுக்கு அது அவ்வளவு அழகாக இருந்தது. கடைசியில் ஒரு சாயங்காலம் கிட்டாரில் ஒரு தந்தி மட்டும் தப்பும் தவறுமாக அதிர்ந்தது. அதற்கு மறுநாள் தண்ணீரின் சளசளப்பு. அவ்வளவுதான். யாரும் துக்கப்படவில்லை. பஸ் மட்டும் பழக்கதோஷத்தில் அந்தத் திருப்பத்தில் இன்றைக்கும் சற்று நிற்கிறது.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பளபளவென்ற வெயிலில், அதே மைதானத்தில் மேடை போட்டார்கள். போதகரும் கூழ் ஊற்றும் கமிட்டிக்காரர்களும் சேர்ந்துதான் பந்தல் போட்டது. டக்ளஸ் விமானத்தில் வந்திறங்கினார், வெயில் தாங்காமல் தலையில் ஈரத்துண்டோடு. நேசனுக்கு விரல் மூட்டு வலி. இஸ்ரவேலுக்கு ஒரு கால் சரியாக மடங்காது. பம்பைக்காரர்கள் பக்கபலத்துக்கு நின்றார்கள். நடுவில் மைக்குக்கு முன்னால் சலோமி, ஷீலாவின் கல்யாணத்துக்கு வர வேண்டிய மாமன் புடவையில். இஸ்ரவேல் அதைத் தாமதமாக எடுத்துக் கொடுத்திருந்தார். மயில் கழுத்து நிறம். விலையைக் கேட்டதற்கு அடிக்க வந்தாராம்.

"எனக்கு வார்த்த எதுவும் ஞாபகம் இல்ல," என்றாள் மைக்கில். ஸ்பீக்கர் ஊளையிட்டது. கூட்டம் ஆரவாரித்தது.

"வார்த்த இல்லாமத்தாம்மா அது வந்துச்சு," என்று ஹயாத் பாய் கீழேயிருந்து கத்தினார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எழுபது வயதுக் குரல்; ஓரங்களில் கிழிந்திருந்தது; ஆனால் நடை அதேதான். மெட்டு கீழேயிருந்து கிளம்பிப் படிப்படியாக ஏறியது. பின்னால் டிரம் வந்து சேர்ந்தது, கிட்டார் வந்து சேர்ந்தது, டக்ளஸின் பாஸ் நிலத்துக்கடியிலிருந்து வருவது போல வந்து எங்கள் உள்ளங்காலைத் தொட்டது. மேல் லைனும் கீழ் லைனும் கலந்து ஆடின. வாத்தியாரம்மாக்கள் ஆடினார்கள். நாயுடு தன் கைத்தடியைத் தூக்கிக்கொண்டு ஆடினார். மெட்டு உச்சிக்கு வந்தது, துள்ள வேண்டிய இடம் வந்தது, எல்லாரும் துள்ளுவதற்குத் தயாராகக் காலைத் தூக்கினோம்.

சலோமி அங்கே துள்ளவில்லை. உச்சியில் ஒரு கணம் நின்றாள். பிறகு, யாரும் அதுவரை போகாத ஒரு பக்கமாக மெட்டைத் திருப்பிக்கொண்டு, இன்னும் மேலே போனாள். அது 'மேலே வா' இல்லை. எந்த நாட்டு ரேடியோவிலும் எங்கள் காதில் விழுந்ததில்லை. அவளுக்கே அது அப்போதுதான் தெரிகிறது என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

நேசன் திகைத்துத் திரும்பி இஸ்ரவேலைப் பார்த்தார். "மச்சான், இது எங்கடா போவுது?"

"எனக்கு இன்னாடா தெரியும்?" என்று கத்தினார் இஸ்ரவேல், இரண்டு குச்சிகளையும் தலைக்குமேல் தூக்கியபடி. "பின்னாடியே போ!"